ஜர்னி இன் சச்சிதானந்தா (இசைத்தொகுப்பு)

ஜர்னி இன் சச்சிதானந்தா என்பது அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞரான ஆலிஸ் கோல்ட்ரேன் (1937–2007) இயற்றி, இம்பல்ஸ் நிறுவனம் 1971ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஆகும். சாக்சபோன் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் (1940–2022) இதன் ஐந்து படைப்புகளிலும் வாசித்துள்ளார். முதல் நான்கு படைப்புகள் ஆலிசின் இல்லத்தில் இருந்த பதிவுக்கூடத்தில் பதியப்பட்டன. ஐந்தாவது படைப்பு நியூயார்க் நகரின் வில்லேஜ் கேட் என்னும் இசை விடுதியில், அவையோர் முன்னிலையில் நேரடியாகப் பதியப்பட்டது.

தொகுப்பின் பெயர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தரைக் குறிப்பதாகும். இவர் தம் இளமைக் காலத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். இதனால் ஜாஸ் இசை வரலாற்றில் தமிழகத்துடன் நேரடித் தொடர்புடைய இசைத்தட்டுகளுள் ஒன்றாக இது அமைகிறது.

தலைப்பைக் கொண்டு இது ஓர் இந்தியப் பயணத்தின் விளைவாக உருவான இசை என்று கருதத் தோன்றும். ஆனால் இதிலுள்ள ஐந்து படைப்புகளும் ஆலிஸ் இந்தியா வருவதற்கு முன்பே பதியப்பட்டுவிட்டன.

தொகுப்பு விவரம்

* கலைஞர்: ஆலிஸ் கோல்ட்ரேன்
* வகை: ஜாஸ்
* ஒலிப்பதிவு நாட்கள்: 4 சூலை 1970 (வில்லேஜ் கேட்), 8 நவம்பர் 1970 (டிக்ஸ் ஹில்ஸ் இல்லம்)
* வெளியீடு: பெப்ரவரி 1971
* நிறுவனம்: இம்பல்ஸ்
* தட்டு எண்: ஏஎஸ்-9203
* மொத்த நேரம்: ஏறத்தாழ 38 நிமிடங்கள்
* தயாரிப்பு: ஆலிஸ் கோல்ட்ரேன், எட் மிஷெல்

பெயர்

சத், சித், ஆனந்தம் என்னும் மூன்று வடமொழிச் சொற்களின் சேர்க்கையே சச்சிதானந்தம் ஆகும். இவை முறையே உண்மை அல்லது இருப்பு, அறிவு, இன்பம் எனப் பொருள்படும். ரமண மகரிசி தம் தமிழ் நூலுக்கு இட்ட "உள்ளது நாற்பது" என்னும் பெயரில் "உள்ளது" என்பது இந்தச் சத் என்னும் பொருளையே குறிக்கிறது.

எனவே தொகுப்பின் பெயரை இரு வகையாகப் பொருள் கொள்ளலாம். அது ஆலிசின் ஆசிரியரான சுவாமியின் பெயராகவும் உள்ளது. அப்பெயர் சுட்டும் நிலையின் பெயராகவும் உள்ளது. தலைப்பிலுள்ள ஆங்கில வேற்றுமைச் சொல் "நோக்கி" என்னும் பொருளில் அமையாமல் "உள்ளே" என்னும் பொருளில் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆகவே இதனைச் "சச்சிதானந்தத்துள் ஒரு பயணம்" எனத் தமிழில் கூறலாம்.

பின்னணி

ஜான் கோல்ட்ரேனும் இசை விடுதிகளும்

ஆலிசின் கணவர் ஜான் கோல்ட்ரேன் (1926–1967) இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான சாக்சபோன் கலைஞர்களுள் ஒருவர் ஆவார். அக்கால ஜாஸ் இசை பெரும்பாலும் பெரிய அரங்குகளில் வளரவில்லை. கிளப் எனப்படும் சிறிய இரவு இசை விடுதிகளிலேயே அது வளர்ந்தது. அங்கே அவையோர் மேசைகளைச் சுற்றி அமர்ந்து, உண்டும் பருகியும் இசை கேட்பர். ஒரு குழு தொடர்ந்து பல இரவுகள் ஒரே விடுதியில் வாசிப்பது வழக்கம். பதிவுக்கூடத்தில் ஒரு படைப்பைப் பலமுறை வாசித்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். விடுதியில் அத்தகைய வாய்ப்பு இல்லை; ஆனால் நேரக் கட்டுப்பாடும் அங்கே குறைவு. கச்சேரி மேடையில் ஒரு வித்துவான் ஆலாபனையை விரித்துச் செல்வது போல, விடுதியில் ஒரே படைப்பைக் கால் மணி நேரத்திற்கு மேலும் வாசிக்க இயலும்.

ஜான் கோல்ட்ரேன் 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் வாசித்தவற்றிலிருந்து ஒரு நேரடி இசைத்தொகுப்பு 1962இல் வெளிவந்தது. அதே நிகழ்ச்சிகளில் பதியப்பட்ட "இந்தியா" என்னும் படைப்பு, 1963இல் வெளியான "இம்ப்ரெஷன்ஸ்" தொகுப்பில் சேர்க்கப்பட்டது. இந்திய இசை மீது ஜானுக்கு ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது. அவர் சித்தார் கலைஞர் ரவிசங்கரைச் சந்தித்து இந்திய இசை பற்றி உரையாடினார். 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். ரவி கோல்ட்ரேன் பின்னாளில் தாமும் சாக்சபோன் கலைஞர் ஆனார்.

ஆலிஸ்

ஆலிஸ் மெக்லியாட் 27 ஆகஸ்ட் 1937 அன்று டெட்ராய்ட் நகரில் பிறந்தார். சிறு வயதில் தேவாலயங்களில் வாசித்துப் பழகிய இவர், பின்னர் ஜாஸ் பியானோ கலைஞராகத் தொழில் முறையில் வாசித்தார். டெரி கிப்சு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1963ஆம் ஆண்டு நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் இசை விடுதியில் ஜானைச் சந்தித்தார். இருவரும் 1965இல் திருமணம் செய்துகொண்டனர். 1966இல் ஜானின் குழுவில் பியானோ கலைஞராக ஆலிஸ் சேர்ந்தார். அவ்வாண்டு மே 28 அன்று வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் ஜான் மீண்டும் ஒரு நேரடித் தொகுப்பைப் பதிவு செய்தபோது ஆலிஸ், ஃபேரோ சாண்டர்ஸ், முரசுக் கலைஞர் ரஷீத் அலி ஆகிய மூவரும் உடன் வாசித்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜர்னி இன் சச்சிதானந்தா தொகுப்பிலும் இம்மூவரே மையமாக அமைந்தனர்.

ஜான் கோல்ட்ரேன் 17 சூலை 1967 அன்று கல்லீரல் புற்றுநோயால் தம் நாற்பதாம் வயதில் காலமானார். ஆலிசுக்கு அப்போது வயது 29. நான்கு சிறு குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. அதனைத் தொடர்ந்த காலத்தில் அவர் உறக்கமின்மையாலும் உடல் மெலிவாலும் கடுமையாகத் துன்புற்றார். இக்காலத்தைத் தம் ஆன்மீக வாழ்வின் சோதனைக் காலமாகப் பின்னாளில் அவர் விவரித்துள்ளார். ஜான் உயிருடன் இருந்தபோது ஒரு ஹார்ப் கருவி வாங்க ஏற்பாடு செய்திருந்தார். அக்கருவி அவர் மறைந்த பின்னரே வீடு வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதனை வாசித்துத் தேர்ந்தார். 1968 முதல் அவர் தம் பெயரில் வெளியிட்ட தொகுப்புகளில் பியானோவுடன் ஹார்ப்பும் இடம்பெற்றது.

சுவாமி சச்சிதானந்தர்

சுவாமி சச்சிதானந்தர் 22 டிசம்பர் 1914 அன்று செட்டிபாளையத்தில் பிறந்தார். இயற்பெயர் இராமசாமி. வேளாண்மைக் கல்வி பயின்ற பின், மோட்டார், மின்சாரம் ஆகியவை சார்ந்த தொழில்களில் ஈடுபட்டார். திருமணமாகி இரு மகன்கள் பிறந்தனர். திருமணமான ஐந்து ஆண்டுகளில் மனைவி காலமானார். அதன் பின்னர் அவர் இல்வாழ்வை விட்டு விலகி, ஆன்மீகப் பெரியோர்களைத் தேடிச் சென்றார். இளவயதில் துணையை இழந்ததே அவரது தேடலுக்குத் தொடக்கமாக அமைந்தது. பல ஆண்டுகள் கழித்து அவரை நாடி வந்த ஆலிசின் நிலையும் அதுவே.

திருவண்ணாமலைத் தொடர்பு

அத்தேடலில் அவர் வந்து தங்கிய இடங்களுள் ஒன்று திருவண்ணாமலை ரமணாசிரமம் ஆகும். ரமண மகரிசி 1 செப்டம்பர் 1896 அன்று திருவண்ணாமலைக்கு வந்தவர். விரூபாட்ச குகையிலும் பின்னர் கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922இல் அவருடைய அன்னையார் மறைந்த பின்பு, மலையின் தென் அடிவாரத்தில் அன்னையாரின் சமாதியைச் சுற்றி இன்றைய ஆசிரமம் உருவானது. செங்கம் சாலையில், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையிலேயே இது அமைந்துள்ளது. ரமணர் முறையான தீட்சையோ துறவறமோ வழங்கும் வழக்கம் கொண்டிருக்கவில்லை. மௌனமே அவருடைய உபதேசங்களுள் தலையாயது என்று அடியார்கள் கூறுவர்.

பிரித்தானிய எழுத்தாளர் பால் பிரண்டன் 1931இல் இங்கு வந்து, 1934இல் வெளியிட்ட நூலின் வழியாக ரமணரின் பெயர் மேலை நாடுகளில் பரவியது. அதன் பின்னர் மேலை நாட்டினர் பலர் இங்கு வரலாயினர். ஆலிசின் இசைத்தொகுப்புக்கு வழிவகுத்த பயணமோ எதிர்த் திசையில் நிகழ்ந்தது. இங்கு தங்கியிருந்த தமிழர் ஒருவர் ரிசிகேசம், இலங்கை வழியாக நியூயார்க் சென்றார். ஆலிஸ் அவரை அங்கேயே சந்தித்தார். தொகுப்பின் தலைப்புகளில் திருவண்ணாமலையின் பெயர் இடம்பெறவில்லை. தொடர்பு சுவாமியின் வாழ்க்கை வழியாக மட்டுமே அமைந்தது.

ரிசிகேசம் முதல் நியூயார்க் வரை

இராமசாமி பின்னர் ரிசிகேசம் சென்றார். அங்கு அவருக்கு 1949இல் துறவறம் அளித்துச் சச்சிதானந்தர் எனப் பெயரிட்டவர் சுவாமி சிவானந்தர். சிவானந்தரும் திருநெல்வேலிப் பகுதியின் பத்தமடையில் பிறந்த தமிழரே. குருவின் பணிப்பின்படி 1953இல் இலங்கை சென்ற சச்சிதானந்தர், திருகோணமலையிலும் கண்டியிலும் பணியாற்றினார். ஓவியர் பீட்டர் மேக்ஸ் முதலியோரின் அழைப்பின் பேரில் 1966இல் நியூயார்க் சென்றார். அங்கு யோகப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 15 ஆகஸ்ட் 1969 அன்று தொடங்கிய வூட்ஸ்டாக் இசை விழாவின் முதல் நாளில் பெருந்திரளான இளைஞர்கள் முன் உரையாற்றியதால் அமெரிக்கா எங்கும் அறியப்பட்டார்.

ஜாஸ் கலைஞர் விஷ்ணு வூட் மூலமாக ஆலிஸ் சுவாமிக்கு அறிமுகமானார். வில்லேஜ் கேட் பதிவில் ஊத் என்னும் நரம்புக் கருவியை வாசித்தவரும் இவரே.

ஒலிப்பதிவு

வில்லேஜ் கேட் பதிவு

தொகுப்பின் இறுதியில் இடம்பெற்ற "ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்" காலத்தால் முதலில் பதியப்பட்டதாகும். இது 4 சூலை 1970 அன்று வில்லேஜ் கேட் விடுதியில் நடைபெற்ற நிகழ்ச்சியில் பதியப்பட்டது. ஆர்ட் டிலூகாஃப் என்பவர் 1958இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் இவ்விடுதியைத் தொடங்கினார். ஜாஸ், நாட்டார் இசை, நகைச்சுவை எனப் பலவகை நிகழ்ச்சிகள் இங்கு நடைபெற்றன. 1990களின் முதற்பாதியில் இவ்விடம் மூடப்பட்டது.

ஜான் கோல்ட்ரேனும் 1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதே விடுதியில் வாசித்துள்ளார். ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் ஆல்டர்சன் அப்போது பதிந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் அறியப்படாமல் இருந்தன. பின்னர் அவை நியூயார்க் பொது நூலகத்தின் சேகரிப்பில் கண்டறியப்பட்டு, 2023ஆம் ஆண்டு சூலை மாதம் தனித் தொகுப்பாக வெளியிடப்பட்டன. ஆகவே, கணவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாசித்த அதே விடுதியிலேயே ஆலிஸ் இப்படைப்பை வாசித்தார்.

டிக்ஸ் ஹில்ஸ் பதிவு

எஞ்சிய நான்கு படைப்புகளும் 8 நவம்பர் 1970 அன்று, நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில் உள்ள டிக்ஸ் ஹில்ஸ் என்னும் ஊரில் பதியப்பட்டன. ஜானும் ஆலிசும் குழந்தைகளுடன் குடியிருந்த வீடு இது. ஜான் தம் புகழ்பெற்ற "எ லவ் சுப்ரீம்" படைப்பை 1964இல் இவ்வீட்டிலேயே இயற்றினார். வீட்டின் அடித்தளத்தில் பதிவுக்கூடம் அமைக்கப்பட்டிருந்தது. குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பில் இருந்த ஒரு கலைஞருக்கு வீட்டிலேயே பதிவு செய்யும் வசதி பெரிதும் துணையாக இருந்தது.

இசைக்கருவிகள்

சாக்சபோன்

சாக்சபோன் பெல்சிய நாட்டவரான அடால்ப் சாக்ஸ் உருவாக்கி, 1846இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி ஆகும். இத்தொகுப்பில் ஃபேரோ சாண்டர்ஸ் வாசிப்பது அதன் சோப்ரானோ வகை. தமிழகத்தில் சாக்சபோன் என்றவுடன் நினைவுக்கு வருபவர் கத்ரி கோபால்நாத் (மறைவு: 2019). அவர் வாசித்தது ஆல்ட்டோ வகையாகும். ஆல்ட்டோ வகையின் உடல் வளைந்தது. சோப்ரானோ வகை பெரும்பாலும் நேராக இருக்கும்; சுருதியும் அதனினும் உயர்ந்தது. நேரான கூம்பு வடிவ உடலால் இது தோற்றத்தில் நாகசுரத்தை நினைவூட்டும். ஆனால் நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு உடையது. சாக்சபோனில் ஊதுமுனையுடன் பொருத்தப்பட்ட ஒற்றை நாக்கே உண்டு. மேலும் சாக்சபோன் உலோகத்தால் ஆனது. அதன் துளைகள் விரல்களால் நேரடியாக அன்றி, விசைகளால் மூடித் திறக்கப்படுகின்றன.

சாண்டர்ஸ் 1960களில் மிகக் கடுமையான, அலறல் போன்ற ஒலிகளை எழுப்பும் வாசிப்பு முறைக்காக அறியப்பட்டவர். இத்தொகுப்பில் அவ்வகை வாசிப்பு பெரிதும் குறைந்து, நீண்ட, அமைதியான சொற்றொடர்கள் போன்ற இசையே மிகுந்துள்ளது.

தம்புரா

முதல் நான்கு படைப்புகளிலும் தம்புரா தொடர்ந்து ஒலிக்கிறது. அதனை வாசித்தவர் பெயர் தட்டில் துளசி என்று மட்டும் குறிக்கப்பட்டுள்ளது. ஜாஸ் இசையில் சுர அடுக்குகள் மாறிக்கொண்டே செல்வது பொதுவான மரபு. தம்புரா ஒலிக்கும்போது ஆதார சுருதி மாறாமல் நிற்பதால், இசை முன்னோக்கி ஓடாமல் ஒரே நிலையில் விரிவடைகிறது. எனினும் இப்படைப்புகள் இராக இலக்கணத்தையோ தாள அங்கங்களையோ பின்பற்றியவை அல்ல. இவற்றைக் கருநாடக இசை அல்லது இந்துத்தானி இசை எனக் கொள்ளுதல் பொருந்தாது.

ஹார்ப்

ஹார்ப் பண்டைத் தமிழரின் யாழுக்கு உறவான கருவி ஆகும். இரண்டிலும் தண்டின் மீது விரல் அழுத்திச் சுரத்தை மாற்றும் முறை இல்லை. ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தனி நரம்பு உண்டு. யாழின் அமைப்பை ஆராய்ந்த விபுலாநந்த அடிகளின் "யாழ்நூல்" 1947இல் வெளிவந்தது. மேலைநாட்டு அரங்குகளில் பயன்படும் பெரிய ஹார்ப்பில் பொதுவாக 47 நரம்புகளும் 7 மிதிகளும் இருக்கும். மிதிகளைக் கொண்டு நரம்புகளின் சுரத்தானங்களை மாற்றலாம். ஆலிஸ் மிதிகளை ஒரு நிலையில் அமைத்துக்கொண்டு, நரம்புகளின் குறுக்கே விரல்களை வேகமாக ஓட்டி அலை போன்ற ஒலியை எழுப்புகிறார். இத்தொகுப்பின் மிக எளிதில் அடையாளம் காணத்தக்க ஒலி இதுவே.

படைப்புகள்

அனைத்தும் ஆலிஸ் கோல்ட்ரேன் இயற்றியவை. நேரம் நிமிடம், நொடி என்னும் முறையில் தரப்பட்டுள்ளது.

முதற் பக்கம்

* ஜர்னி இன் சச்சிதானந்தா – 6:39
* சிவலோகா – 6:37
* ஸ்டாப்ஓவர் பாம்பே – 2:54

இரண்டாம் பக்கம்

* சம்திங் அபௌட் ஜான் கோல்ட்ரேன் – 9:44
* ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ் – 11:49

ஜர்னி இன் சச்சிதானந்தா: தம்புராவின் ஒலியுடன் தொடங்குகிறது. சீசில் மெக்பீ பேஸ் கருவியில் ஒரு சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மீது ஹார்ப்பும் பின்னர் சாக்சபோனும் சேர்கின்றன. படைப்பின் இறுதி வரை பேசின் சொற்கட்டே அடிப்படையாக நிற்கிறது.

சிவலோகா: சிவபெருமானின் உலகத்தைக் குறிக்கும் தலைப்பு. இதிலும் ஹார்ப்பும் சோப்ரானோ சாக்சபோனும் முதன்மை பெறுகின்றன.

ஸ்டாப்ஓவர் பாம்பே: "பம்பாயில் ஓர் இடைத்தங்கல்" எனப் பொருள்படும். தொகுப்பின் மிகச் சிறிய படைப்பு. சுவாமியுடன் தாம் மேற்கொள்ளவிருந்த இந்திய, இலங்கைப் பயணத்தை முன்னிட்டு ஆலிஸ் இதற்குப் பெயரிட்டார். பதிவு நாளில் அப்பயணம் தொடங்கவில்லை. இதில் ஆலிஸ் பியானோ வாசிக்கிறார்.

சம்திங் அபௌட் ஜான் கோல்ட்ரேன்: கணவரின் இசைக் கருக்களை அடிப்படையாகக் கொண்ட நினைவுப் படைப்பு. இதிலும் ஆலிஸ் வாசிப்பது பியானோ ஆகும். ஜானின் குழுவில் அவர் வாசித்த கருவியும் அதுவே.

ஐசிஸ் அண்ட் ஒசைரிஸ்: தொகுப்பின் மிக நீண்ட படைப்பு. ஐசிஸ், ஒசைரிஸ் ஆகியோர் பண்டை எகிப்தியத் தொன்மத்தில் வரும் மனைவியும் கணவனும் ஆவர். ஒசைரிஸ் கொல்லப்பட்டு, அவன் உடல் துண்டு துண்டாகச் சிதறடிக்கப்பட்டது. ஐசிஸ் அத்துண்டுகளைத் தேடிச் சேர்த்து அவனை உயிர்ப்பித்தாள் என்பது கதை. ஆலிஸ் இதனை வில்லேஜ் கேட் விடுதியில் வாசித்தபோது, ஜான் மறைந்து மூன்றாண்டுகள் நிறைவடைய இரு வாரங்களே இருந்தன. இப்படைப்பில் தம்புரா இல்லை. அதற்கு மாறாக மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வழங்கும் ஊத் இடம்பெறுகிறது. பேஸ் வாசித்தவர் சார்லி ஹேடன்.

கலைஞர்கள்

* ஆலிஸ் கோல்ட்ரேன் – ஹார்ப் (1, 2, 5), பியானோ (3, 4)
* ஃபேரோ சாண்டர்ஸ் – சோப்ரானோ சாக்சபோன், தாளக் கருவிகள்
* சீசில் மெக்பீ – பேஸ் (1 முதல் 4 வரை)
* சார்லி ஹேடன் – பேஸ் (5)
* விஷ்ணு வூட் – ஊத் (5)
* துளசி – தம்புரா (1 முதல் 4 வரை)
* ரஷீத் அலி – முரசுகள்
* மஜீத் ஷபாஸ் – மணிகள், கஞ்சிரா போன்ற டாம்பரின் (1 முதல் 4 வரை)

நேரடிப் பதிவின் இடம்

ஒரே தொகுப்பில் நான்கு வீட்டுப் பதிவுகளுடன் ஒரு விடுதிப் பதிவைச் சேர்த்திருப்பது வழக்கத்திற்கு மாறானது. விடுதிப் பதிவில் அறையின் விரிவும் அவையோரின் இருப்பும் உணரப்படுகின்றன. வீட்டுப் பதிவுகளில் கருவிகள் நெருக்கமாக ஒலிக்கின்றன.

இச்சேர்க்கை, இத்தொகுப்பைப் பற்றிய ஒரு பொதுவான கருத்தைச் சரிபார்க்க உதவுகிறது. ஆலிஸ் ஜாஸ் இசையிலிருந்து விலகி ஆன்மீக இசைக்குச் சென்றதன் தொடக்கமாக இது சில வேளைகளில் குறிப்பிடப்படுகிறது. ஆனால் இதில் முதன்மையாக வாசித்தோர் விடுதிகளில் ஊன்றிய ஜாஸ் கலைஞர்களே. சாண்டர்சும் ரஷீத் அலியும் ஜானின் இறுதிக் காலக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஆலிசைச் சுவாமியிடம் அழைத்துச் சென்றவரும் ஒரு ஜாஸ் கலைஞரே. ஐசிஸ் அண்ட் ஒசைரிசும் அவையோர் மேசைகளின் நடுவேதான் வாசிக்கப்பட்டது. எனவே 1970ஆம் ஆண்டில் ஆலிசுக்கு விடுதியும் வழிபாடும் எதிரெதிரான இடங்களாக இருக்கவில்லை எனலாம்.

இந்தியப் பயணமும் கார்னகி அரங்க நிகழ்ச்சியும்

ஆலிஸ் 1970ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சுவாமி சச்சிதானந்தருடன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பயணம் மேற்கொண்டார். பயணத்திற்குப் பின், 21 பெப்ரவரி 1971 அன்று, நியூயார்க்கின் கார்னகி அரங்கில் சுவாமியின் யோக நிலையத்திற்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் வாசித்தார். இதில் சாண்டர்சுடன் ஆர்ச்சி ஷெப் என்னும் மற்றொரு சாக்சபோன் கலைஞரும், இரு பேஸ் கலைஞர்களும், இரு முரசுக் கலைஞர்களும் பங்கேற்றனர். இத்தொகுப்பின் முதல் இரு படைப்புகளும் ஜானின் "ஆப்பிரிக்கா", "லியோ" ஆகியவையும் வாசிக்கப்பட்டன. இந்நிகழ்ச்சியின் முழுப் பதிவு 2024ஆம் ஆண்டில் இம்பல்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. வீட்டுப் பதிவில் ஏழு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்த தலைப்புப் படைப்பு மேடையில் எவ்வளவு விரிந்தது என்பதை இதனுடன் ஒப்பிட்டு அறியலாம்.

பிற்காலம்

1971இல் வெளியான "யுனிவர்சல் கான்சியஸ்னெஸ்", 1972இல் வெளியான "வேர்ல்ட் கேலக்சி" ஆகியவை இத்தொகுப்பைத் தொடர்ந்தன. பின்னதில் சுவாமி சச்சிதானந்தரின் குரலும் இடம்பெற்றுள்ளது. ஆலிஸ் 1975இல் கலிபோர்னியாவில் வேதாந்த நிலையம் ஒன்றை நிறுவினார். துறவு பூண்டு துரியசங்கீதானந்தா என்னும் பெயர் ஏற்றார். 1983இல் அகோரா ஹில்ஸ் என்னும் இடத்தில் ஆசிரமம் அமைத்தார். அங்கு பஜனைப் பாடல்களை மின் இசைக்கருவிகளுடனும் அமெரிக்கத் தேவாலயப் பாடல் முறையுடனும் இணைத்துப் பாடினார். நீண்ட இடைவெளிக்குப் பின் 2004இல் மகன் ரவியின் தயாரிப்பில் "டிரான்ஸ்லீனியர் லைட்" என்னும் ஜாஸ் தொகுப்பை வெளியிட்டார். 12 சனவரி 2007 அன்று காலமானார். அவருடைய ஆசிரமக் கட்டடம் 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத் தீயில் அழிந்தது.

சுவாமி சச்சிதானந்தர் 19 ஆகஸ்ட் 2002 அன்று சென்னையில் காலமானார். அவருடைய உடல் அமெரிக்காவின் வெர்சீனியா மாநிலத்தில் அவர் நிறுவிய யோகாவில் ஆசிரமத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஃபேரோ சாண்டர்ஸ் 24 செப்டம்பர் 2022 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார்.

வரவேற்பு

நெடுங்காலம் ஆலிசின் இசை, கணவரின் இசையின் நிழலிலேயே வைத்து மதிப்பிடப்பட்டது. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. ரோலிங் ஸ்டோன் இதழ் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட 500 சிறந்த இசைத்தொகுப்புகள் பட்டியலில் ஜர்னி இன் சச்சிதானந்தா 446ஆம் இடத்தைப் பெற்றது. ஆலிசின் உறவினரும் மின்னணு இசைக் கலைஞருமான ஃப்ளையிங் லோட்டஸ் வழியாகவும் இளைய தலைமுறையினர் பலர் இவ்விசையை அறிந்துகொண்டனர்.

தமிழ் வாசகர்களுக்கு இத்தொகுப்பு மற்றொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. இதில் ஒலிக்கும் இந்தியா, ஆலிஸ் கண்டு வந்த நாடு அன்று. கணவரின் இசையிலிருந்தும், கொங்கு நாட்டில் பிறந்து திருவண்ணாமலையில் தங்கிச் சென்ற ஓர் ஆசிரியரின் சொற்களிலிருந்தும் அவர் தம் வீட்டின் அடித்தளத்தில் உருவாக்கிக்கொண்ட நாடு அது. இசை பதியப்பட்ட அடுத்த மாதமே அவர் உண்மையான இந்தியாவுக்குப் புறப்பட்டார்.